அமுதவள்ளியின் சாமி இல்லாத கோயில்

பிரிக்பீல்ட்ஸில் புனிதப் பயணம் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜாலான் துன் சம்பந்தனில் நின்று "காசிக்குப் போகணும்" என்று கொஞ்சம் உரக்கச் சொன்னால் போதும், நாலு மாடிப்படியிலிருந்து நாலு பேர் இறங்கி வந்துவிடுவார்கள். ஒருவர் சேலை இலவசம் என்பார். ஒருவர் மூன்று வேளையும் நம்ம சாப்பாடு என்பார். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி உண்டு என்பார் இன்னொருவர். அமுதவள்ளியும் இதையெல்லாம் செய்கிறவள்தான். ஆனால் அவளோடு போகிறவர்கள் ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆறு கோயில் காட்டினால் ஏழாவதாக எங்கேயாவது ஒரு பழைய வானாய்வுக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். அங்கே சாமி இருக்காது, பிரசாதம் இருக்காது, செருப்பைக் கழற்றுகிற வேலையும் இருக்காது. போய் வந்த பெண்கள் அதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள், சாமி இல்லாத கோயில் என்று.

அமுதவள்ளிக்கு அதில் கோபமில்லை. "கோயில்னு சொல்றாங்கல்ல, அது போதும்லா" என்பாள்.

அவள் பிறந்தது செந்தூலில். அப்பாவுக்கு ரயில் பட்டறையில் வேலை. ஐந்தாம் படிவம் முடித்த கையோடு சுங்கை வேயில் ஒரு மின்னணு ஆலையில் சேர்ந்தாள். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை உருப்பெருக்கி வழியாகப் பார்த்துப் பார்த்து ஒட்டுகிற வேலை. தலை குனிந்தால் டீக்கு மணி அடிக்கும்போதுதான் நிமிர்வாள். அடுத்த நாற்காலியில் உர்சுலா. இவளும் செந்தூல்தான், ரயில்வே குடும்பம்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கப் பெண். இருவரும் ஒரே ஆலை பஸ்ஸில் ஏறி, ஒரே டப்பாவில் சாப்பிட்டு, ஒரே நாளில் வேலையை இழந்தார்கள். ஆலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இனி யாருக்கும் குனியக் கூடாதுடி" என்று உர்சுலா சொன்னாள். அப்படித்தான் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலே, மோனோரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிர்கிற ஒரு சின்ன அறையில் இவர்களுடைய பயண நிறுவனம் பிறந்தது. டிக்கெட், விசா எல்லாம் உர்சுலா. ஆள் சேர்ப்பது, கூட்டிக்கொண்டு போவது அமுதவள்ளி. வேளாங்கண்ணிக்குக் கூட்டம் கிளம்பினால் வேலையை மாற்றிக்கொள்வார்கள். முருகனுக்கு டிக்கெட் போடுவது உர்சுலா, மாதாவுக்கு மெழுகுவத்தி வாங்குவது அமுதவள்ளி. இதில் யாருக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை.

வானாய்வுக்கூடப் பைத்தியம் பிடித்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. முதல் காசிப் பயணத்தில் கூட்டம் முழுக்கக் கங்கையில் முங்கிக்கொண்டிருந்தபோது அமுதவள்ளி கழிப்பறை தேடி அலைந்தாள். படித்துறைக்கு மேலே இருந்த ஒரு பழைய மாளிகைக்குள் நுழைந்தவள், வேலை முடிந்ததும் வழி தெரியாமல் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள். அங்கே கல்லில் கட்டிய சாய்ந்த சுவர்களும் வளைந்த மேடைகளும் கிடந்தன. ஏதோ இடிந்த மண்டபம் என்று நினைத்தாள். காவலாளிதான் ஒரு சுவரின் நிழல் விழுந்திருந்த கோட்டைக் காட்டி, அப்புறம் அவள் கைக்கடிகாரத்தைக் காட்டினார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே சொல்லின. முந்நூறு வருஷத்துக் கல், சாவி கொடுக்காமல், பேட்டரி போடாமல் மணி சொல்லிக்கொண்டிருந்தது. கிரகங்களும் சூரியனும் எங்கே நிற்கும் என்று பஞ்சாங்கத்தில் எழுதியிருப்பதும் வானத்தில் தெரிவதும் ஒத்துப்போகவில்லை என்பதால் ஜெய்சிங் என்ற ராஜா ஊர் ஊராக இப்படிக் கட்டிவைத்தாராம். உஜ்ஜயினியில் ஒன்று இருக்கிறதாம். அங்கேயும் பெரிய சிவன் கோயில் உண்டே என்று அமுதவள்ளி அப்போதே மனதில் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் செந்தூல் அடுக்ககத்தின் கார் நிறுத்தத்தில் ஒரு துடைப்பக் கட்டையை நட்டுவைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு நிழல் குறுகிப்போகும் என்று காத்திருந்தால் குறுகவே இல்லை. ஒன்றேகால் வாக்கில்தான் காலடியில் வந்து சுருண்டது. கட்டையை மாற்றினாள், இடத்தை மாற்றினாள், அதே ஒன்றேகால். பக்கத்து வீட்டுக்காரர்கள் சூனியம் வைக்கிறாள் என்று பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் கோளரங்கத்துக்கே போய்க் கேட்டபோது அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே விளக்கினாள். நிழலில் தப்பில்லை, கட்டையிலும் தப்பில்லை, இந்த நாட்டில் கடிகாரத்தைத்தான் சூரியனுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே முன்னால் தள்ளி வைத்திருக்கிறோம். அமுதவள்ளிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாற்பது வருஷமாக வேகாத வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவள், சூரியனுக்கு எப்போது உச்சி என்றே தெரியாமல் நின்றிருக்கிறாள்!

அதிலிருந்து கோயிலுக்குப் பக்கத்தில் எந்த வானாய்வுக்கூடம் இருந்தாலும் விடுவதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் பழைய கூடம் போய்விட்டது, கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் நிற்கிறது. அதில் தமிழிலும் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தியா முழுக்க ரயில்களுக்கு நேரம் சொன்னது அந்த இடம்தான் என்று கேள்விப்பட்டதும், அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பட்டறைச் சங்குக்கே காதைத் தீட்டி வாழ்ந்த மனிதர் அவர். "அந்தத் தூணை நான் கும்பிட்டேன்னு சொல்லு" என்றார்.

எல்லாம் சரி. ஆனால் ஓர் இடம் மட்டும் அமுதவள்ளிக்குப் பிடிகொடுக்கவே இல்லை. அது கொடைக்கானல் மலை மேலே இருக்கிற சூரிய ஆய்வுக்கூடம்.

நூறு வருஷத்துக்கு மேலாகத் தினமும் சூரியனைப் படம் பிடித்துவருகிற இடம் அது. வெயில் அடித்தால், பார்க்க வருகிறவர்களுக்காக இருட்டறையில் வெள்ளைப் பலகை மேல் சூரியனையே இறக்கிக் காட்டுவார்கள். வாழ்நாள் முழுக்க உருப்பெருக்கியில் குனிந்து சின்னதைப் பார்த்தவளுக்கு, நிமிர்ந்து அந்தப் பெரியதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அங்கே எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கி, பழனிப் பயணத்தோடு சேர்த்து மூன்று முறை போனாள். மூன்று முறையும் மேகம். பலகை வெறும் பலகையாகவே நின்றது.

காரணம் முதல் தடவையே தெரிந்துவிட்டது. "காலையில வரக் கூடாதாம்மா? மத்தியானம் ஆனா மூடிடுமே" என்று அங்கிருந்த ஊழியர் சொன்னார். அவர்களே சூரியனைப் படம் பிடிப்பது காலையில்தானாம். ஆனால் காலையில் எப்படிப் போவது? காலை பழனிக்கு. சாமி கும்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம், இது நம் ஆட்களின் எழுதாத சட்டம். குளித்து, விரதம் இருந்து, முருகனைப் பார்த்து, இட்லி சாப்பிட்டு, பஞ்சாமிர்தம் வாங்கி, அதற்கு இன்னொரு பை வாங்கி, பஸ் ஏறி மலை சுற்றி மேலே போய்ச் சேரும்போது மேகம் வந்து உட்கார்ந்திருக்கும். அங்கேயே தங்கி மறுநாள் காலை பார்க்கலாம் என்றால் அந்தக் குளிர் கிழவிகளுக்கு ஆகாது, மறுநாள் காலை மீனாட்சியும் மதுரையில் காத்திருப்பாள். பழனிக்கு முன்னால் வேறோர் இடம் என்று வாயைத் திறக்க அமுதவள்ளிக்குத் தைரியம் வரவில்லை.

வந்தாலும் கேட்பது யார்? பயணத்தின் பாதிக் கூட்டம் கிள்ளான் நல்லம்மாளுடையது. நல்லம்மாள் கிள்ளானில் ஒரு கோயிலின் மகளிர் குழுத் தலைவி. தெங்கு கிளானா சாலையில் அவள் நடந்தால் பூக்கட்டுகிறவர்கள் எழுந்து நிற்பார்கள். வருஷா வருஷம் ஒரு பஸ் நிறையப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவள் சரி என்றால் எல்லோரும் சரி, அவள் மூஞ்சியைச் சுளித்தால் எல்லோர் மூஞ்சியும் சுளிக்கும். பயணத்தில் யாராவது இலையில் சோற்றை மிச்சம் வைத்தால் தொலைந்தார்கள். "தாது வருஷப் பஞ்சத்துல பொழைச்சு வந்த வம்சம் நாங்க. இந்த ஒரு பிடி இருந்தா ஒரு உசுரு நின்னிருக்கும்" என்பாள். அவளுடைய பூட்டன் அந்தப் பஞ்சத்தில் ஊரை விட்டு ஓடி, கப்பலேறி, கரும்புத் தோட்டத்தில் இறங்கியவராம். கேட்கிறவர்கள் பயந்துபோய் மிச்சத்தையும் விழுங்கிவிடுவார்கள்.

இந்த வருஷம் பயணத்துக்கு முன்னால் நல்லம்மாள் வரச் சொல்லி அனுப்பினாள். அமுதவள்ளியும் உர்சுலாவும் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனார்கள். தே தாரிக் டீ வந்தது, தட்டில் குயே என்கிற மலாய்ப் பலகாரம் வந்தது. அப்போதே உர்சுலா உஷாராகிவிட்டாள். நல்லம்மாள் குயே வைத்தால் பின்னாலேயே கத்தி வரும்.

"அமுதா, இந்த வாட்டி அந்த சாமி இல்லாத கோயில் வேணாம்லா."

"அக்கா..."

"என்ன அக்கா? மூணு வாட்டி போனோம். என்ன பாத்தோம்? மேகம். மேகம் பாக்கணும்னா இங்கருந்து கெந்திங் மலைக்குப் போனா போதாதா? பஸ்ஸுல வளைஞ்சு வளைஞ்சு போயி என் குடலே வெளிய வந்துடுது. அந்த நேரத்துல மதுரைக்கு வெளிச்சத்துலயே போயிட்டா சுங்கிடிச் சேலை வாங்கலாம். டூர் நடத்துற அந்த ரிஷி பையன் என்கூட வாங்கன்னு இப்பவே என்னைய நச்சரிக்கிறான், நான்தான் அமுதா நம்ம பொண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

உர்சுலா மேசைக்கு அடியில் அமுதவள்ளியின் காலை மிதித்தாள். சரின்னு சொல்லித் தொலை என்று அர்த்தம். நல்லம்மாளின் கூட்டம் போனால் பூக்கடைக்கு மேலே அறையும் போகும். அமுதவள்ளிக்கும் அது தெரியும். ஆனால் இந்தப் பழனிப் பயணத்தை விட்டால் மலைக்குப் போக அவளுக்கு வேறு வழி கிடையாது.

"போன வாட்டி மேகமா இருந்துச்சுல்ல அக்கா, நீங்கள்லாம் பஸ்ஸுல ஒக்காந்துட்டீங்க. எனக்குப் பாக்க ஒண்ணுமில்ல. செவுத்துல இருந்த போர்டு எல்லாத்தையும் படிச்சேன்."

"சரி, அதுக்கு?"

"அந்த எடத்தை ஏன் கட்டினாங்கன்னு போட்டிருந்துச்சு. ஒரு பெரிய பஞ்சம் வந்துச்சாம். லட்சக்கணக்குல செத்தாங்களாம். ஏன் மழை பொய்ச்சுப் போச்சு, சூரியன்ல கரும்புள்ளி வருதே, அதுக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்கான்னு தினம் பாத்து எழுதணும்னு முடிவு பண்ணி, அதுக்கப்புறம் கட்டினதாம். அக்கா, அது நீங்க சொல்ற பஞ்சம். தாது வருஷம்."

நல்லம்மாள் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது.

"எங்க பூட்டன் ஓடி வந்த பஞ்சமா?"

"அதே பஞ்சம்தான்."

நல்லம்மாள் ஒரு பெருமூச்சு விட்டாள். "சூரியனைக் கேட்டானாமா வெள்ளைக்காரன்? அந்தப் பஞ்சத்துலயும் அவன் கப்பல்ல ஏத்துன அரிசியைக் கேட்டிருந்தா அது சொல்லியிருக்குமே."

"அதுவும் உண்மைதான் அக்கா."

"சரி, பதில் கெடைச்சுச்சா?"

"மழைக்கு நேரா ஒரு பதில் கெடைக்கல. ஆனா தினம் தினம் பாத்ததுல வேற எவ்வளவோ தெரிஞ்சுச்சு. அந்தக் கரும்புள்ளிக்குள்ளருந்து வாயு வெளிய பாயுறத உலகத்துலயே மொதல்ல அங்கதான் கண்டுபிடிச்சாங்க. இன்னிக்கும் அந்தப் பழைய படங்களைத் தேடி எங்கெங்கருந்தோ ஆளுங்க வர்றாங்க."

நல்லம்மாள் கோப்பையைக் கீழே வைத்தாள். "இதான் கடைசி. இந்த வாட்டியும் மேகம்னா, அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

திரும்பும் ரயிலில் உர்சுலா குதித்தாள். "அவ எறங்கி வந்தப்பவே காலையில போவோம்னு சொல்ல வேண்டியதுதானேடி?"

"முருகனுக்கு முன்னாடியா? குயேவப் புடுங்கிட்டு அனுப்பியிருப்பா."

அப்படியாகப் பயணம் கிளம்பியது. பழனியில் நல்ல தரிசனம். நல்ல தரிசனம் என்றால் நேரம் போகும். விஞ்ச் வரிசையில் நேரம் போயிற்று, பஞ்சாமிர்தக் கடையில் நேரம் போயிற்று, தொலைந்துபோன ஒரு செருப்பைத் தேடியதில் நேரம் போயிற்று. அமுதவள்ளி வானத்தைப் பார்ப்பதும் கூட்டத்தை எண்ணுவதுமாகத் தவித்தாள். ஒருவழியாக பஸ் மலையேறத் தொடங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நல்லம்மாள் ஒரு சாமி பெயரைச் சொன்னாள். பாதி மலையில் சாமிகள் தீர்ந்துபோய் வெறும் முனகல்தான் மிச்சம்.

மேலே போய் இறங்கினால், வேறென்ன, மேகம்தான். வாசல் மரங்களே மங்கலாகத் தெரிந்தன. பெண்கள் கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வாசலில் நின்ற ஊழியர் அமுதவள்ளியை அடையாளம் கண்டுகொண்டு, "மறுபடியும் மத்தியானமா?" என்று பாவமாகக் கேட்டார். அவள் சிரித்துவைத்தாள்.

நல்லம்மாளால் உள்ளே போகக்கூட முடியவில்லை. வெளியே ஒரு கல்படியில் உட்கார்ந்து இரண்டு முறை வாந்தி எடுத்தாள். உர்சுலாவை உள்ளே கூட்டத்தோடு அனுப்பிவிட்டு, அமுதவள்ளி எலுமிச்சம்பழத்தை நறுக்கி மூக்கில் வைத்தாள், முதுகைத் தடவிவிட்டாள். கிள்ளானையே ஆட்டிவைக்கிற பெண்மணி அவள் தோளில் தலையைச் சாய்த்து, மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஈரத் தரையில் வெளிச்சம் விழுந்தது.

முதலில் மெல்ல, அப்புறம் பளீரென்று. உள்ளேயிருந்து ஒரே கூச்சல், தேர் நகர்ந்தால் கூட்டம் போடுகிற கூச்சல். உர்சுலா கதவிலிருந்து எட்டிப்பார்த்துக் கத்தினாள். "அமுதா! வந்துட்டாருடி! ஓடி வா, ஓடி வா!"

அமுதவள்ளி பாதி எழுந்துவிட்டாள். கதவு இதோ, கூப்பிடு தூரம்கூட இல்லை. நல்லம்மாளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினால் பார்த்துவிடலாம். ஆனால் அந்தக் கை விடவில்லை. விடாத கையை உதறிவிட்டு ஓட அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். மறுபடி உட்கார்ந்தாள். இவ்வளவு தூரம் வந்து பார்க்க நினைத்த வெயில், இருவர் முகத்திலும் சூடாக அடித்தது. ஏறிட்டுப் பார்க்கத்தான் முடியாது. குனிந்து, தரையில் விழுந்த தங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் கொஞ்ச நேரத்தில் மங்கியது.

பெண்கள் வெளியே வந்தபோது ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். தாம்பாளம் அளவு இருந்ததாம். மஞ்சள் பூசின மாதிரி இருந்ததாம். கன்னத்தில் கறுப்பாக இரண்டு புள்ளி. "சூரியனுக்கே திருஷ்டிப் பொட்டு வெச்சிருக்காங்க!" என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அமுதவள்ளியும் சிரித்தாள். பஸ் கிளம்பி மதுரைப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அழாமல் எப்படி இருக்க முடியும்? ஆனால் அழுது முடித்ததும் மனசு லேசாகவே இருந்தது. முதல் தடவையாக அந்தப் பலகை வெறும் பலகையாக இல்லை. அவள் கூட்டிக்கொண்டு வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

நல்லம்மாள் மட்டும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுங்கிடிச் சேலைக் கடையிலும் பேசவில்லை, விமானத்திலும் பேசவில்லை.

"அவ்வளவுதான்டி. அவ பாக்காதது நடக்கவே இல்லன்னு சொல்ற ஆளு அவ" என்றாள் உர்சுலா.

பயணம் முடிந்து வந்தால் நல்லம்மாள் வீட்டில் பஞ்சாமிர்தம் பகிர்ந்துகொள்வது வழக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிள்ளானில் கூடினார்கள். வெளியே வழக்கம்போல மழை இருட்டிக்கொண்டு வந்தது. முருகன் படத்துக்கு மாலை போட்டு, டப்பாக்களை உடைத்து, கிண்ணம் கிண்ணமாக ஊற்றினார்கள். பழனி அலங்காரத்தைப் பற்றிப் பேச வேண்டிய பெண்கள் பழனியை மறந்துவிட்டுச் சூரியனையே பேசினார்கள். தாம்பாளம் அளவு இருந்தது இப்போது தோசைக்கல் அளவுக்கு வளர்ந்துவிட்டது. இரண்டு திருஷ்டிப் பொட்டு நாலாகிவிட்டது. ஒருத்தி தன் மருமகளுக்குத் தாளில் வரைந்தே காட்டினாளாம்.

நல்லம்மாள் கரண்டியை டப்பாமேல் தட்டினாள். "போதும்! வந்ததுலருந்து அதே பேச்சு."

அமுதவள்ளி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். போயிற்று, இனி கொடைக்கானல் கனவில்தான் என்று நினைத்தாள். உர்சுலா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அமுதா, இங்க வா. மறுபடியும் மத்தியானமான்னு அந்த ஆளு உன்கிட்ட கேட்டானே, நானும் காதால கேட்டேன். அப்ப காலையில போனா தெரியுமா?"

"தெரியும் அக்கா. காலையில வானம் தொடச்சு வெச்ச மாதிரி இருக்குமாம்."

"இது உனக்கு எப்பருந்து தெரியும்?"

"மொத வாட்டிலருந்தே."

"மொத வாட்டிலருந்தேவா? அப்புறம் ஏன்டி எங்களை மேகம் பாக்கக் கூட்டிக்கிட்டுப் போனே?"

உர்சுலா முந்திக்கொண்டு போட்டு உடைத்தாள். "பழனிக்கு முன்னாடி வேற எடம்னு சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா அக்கா?"

நல்லம்மாள் சுவரிலிருந்த முருகனை ஒருமுறை பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை இல்லை, தகவல் சொல்கிற பார்வை. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"காலையில எந்திரிச்சதும் மொதல்ல யாரைக் கும்பிடுறோம்?"

பதில் சொன்னால் மாட்டிக்கொள்வோமோ என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் யாரோ மெதுவாக, "சூரியனை" என்றார்கள்.

"அப்புறம் என்ன? அடுத்த வருஷம் மதுரையிலருந்து விடியறதுக்கு முன்னாடியே நேரா மேல போறோம். எறங்கி வந்து சாயங்காலம் பழனியில தங்கத் தேர் பாக்குறோம். அமுதா, அப்படியே டிக்கெட் போடச் சொல்லு."

பின்னாலிருந்து ஒரு குரல் இழுத்தது. "முருகனுக்கு முன்னாடியாக்கா?"

"முருகன் நம்ம வீட்டுப் புள்ள, காத்திருப்பான். சூரியன் வருவான்னு ஒக்காந்திருக்க முடியாது, மேகம் மூடுறதுக்குள்ள புடிக்கணும். எங்க பூட்டன் ஊரை விட்டு ஓடுனப்ப மழையை எங்கேப்பா நீ ஒளிச்சு வெச்சிருந்தேன்னு அவன் மூஞ்சியப் பாத்து நான் கேக்க வேணாம்?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் அது போட்ட சத்தத்தில் பெண்களின் சிரிப்புகூடச் சரியாகக் கேட்கவில்லை. நல்லம்மாள் இன்னொரு கரண்டி பஞ்சாமிர்தத்தை அமுதவள்ளியின் கிண்ணத்தில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு உர்சுலா உன்னைக் கூப்பிட்டது எனக்கும் கேட்டுச்சு. அடுத்த வருஷமும் உன் கையை விட மாட்டேன், பாத்துக்கோ. ஆனா வெளிய இல்ல, உள்ள."